அன்றாடச் சருமப் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயிலும் வியர்வையும் உப்புத் தண்ணீரும் சேர்ந்த தமிழ்நாட்டுச் சமவெளியில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இருப்பவர்களுக்கு வறட்சி பற்றிய பதில்கள் கூடுதலாகப் பொருந்தும். வெயில் பற்றிய பதில் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும், ஏனென்றால் உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிரும் கூடும், குளிர் அதை உணரவிடாது.

சருமத்துக்கு அன்றாடம் கட்டாயம் தேவைப்படுவது என்ன?

மென்மையாகக் கழுவுவது, கழுவிய ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுவது, பகலில் வெயிலிலிருந்து காப்பது ஆகிய மூன்றும்தான். இவற்றுக்கு மேல் கடையில் அடுக்கி வைத்திருக்கும் டோனர், சீரம், ஸ்கிரப், ஷீட் மாஸ்க் எதுவும் ஆரோக்கியமான சருமத்துக்குக் கட்டாயம் இல்லை. விருப்பமுள்ளவர்கள் பயன்படுத்தலாம், ஆனால் அவை இல்லாததால் எவருடைய சருமமும் கெட்டுப்போவதில்லை.

காரணம் தோலின் அமைப்பிலேயே இருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, தோலின் ஆக மேலே உள்ள அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு தடிமன் மட்டுமே கொண்டது. தட்டையான இறந்த செல்கள் செங்கற்களாக அடுக்கப்பட்டு, அவற்றுக்கிடையில் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருட்கள் சாந்தாகப் பூசப்பட்ட சுவர் அது. உடலின் நீர் ஆவியாகிப் போகாமலும், வெளியிலிருக்கும் கிருமிகளும் ரசாயனங்களும் உள்ளே நுழையாமலும் தடுப்பதில் அந்தச் சாந்துக்கே பெரும்பங்கு உண்டு. அதைத் தினமும் கரைத்து வெளியேற்றிக்கொண்டே மேலே எவ்வளவு விலை உயர்ந்த கிரீமைப் பூசினாலும் பலன் நிற்காது.

ஒரு நாளில் எத்தனை முறை முகம் கழுவலாம்?

சோப்போ ஃபேஸ் வாஷோ போட்டுக் கழுவுவது காலையும் இரவும் என இரண்டு முறை போதும். வெளியில் அலைந்து வியர்த்து வந்தால் இன்னொரு முறை கழுவலாம். இடையில் முகம் பிசுபிசுப்பாகத் தோன்றும்போதெல்லாம் வெறும் தண்ணீரால் கழுவி மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தால் போதுமானது. கழுவியவுடன் முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் நன்றாகச் சுத்தமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தோலின் இயற்கையான எண்ணெய் அளவுக்கு மீறிப் போய்விட்டதன் அறிகுறி. அப்படி இருந்தால் பயன்படுத்தும் பொருளை மாற்ற வேண்டும், அல்லது கழுவும் முறைகளைக் குறைக்க வேண்டும்.

எந்தச் சோப்பு வாங்குவது?

விளம்பரத்தை விட்டுவிட்டு உறையைத் திருப்பிப் பாருங்கள். விலைக்கும் எடைக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கும். ஒன்று, அது டாய்லெட் சோப்பா அல்லது பேதிங் பாரா என்ற குறிப்பு. மற்றொன்று டிஎஃப்எம் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சதவிகிதம், அதாவது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2888 தரவிதிப்படி முதல் தர டாய்லெட் சோப்பில் இது குறைந்தது 76 சதவிகிதம் இருக்க வேண்டும். இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. பேதிங் பாருக்கு 40 சதவிகிதமே போதும் என்பதால், ஒரே அலமாரியில் ஒரே விலையில் இருக்கும் இரண்டு கட்டிகளுக்குள் பெரிய வேறுபாடு இருக்கக்கூடும். வாசனையையும் நிறத்தையும் பார்த்து எடுப்பதைவிட இந்த எண்ணைப் பார்த்து எடுப்பது நல்லது.

ஆனாலும் டிஎஃப்எம் மட்டுமே எல்லாம் அல்ல. எவ்வளவு உயர்ந்த தரமானாலும் சோப்பு காரத்தன்மை உடையது, அதன் பிஎச் மதிப்பு 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் மதிப்பு 5-ஐ ஒட்டியே இருக்கும். ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் இந்த மாற்றத்தைச் சரிசெய்துகொள்ளும். வறண்ட தோல், கரப்பான் உள்ள தோல், வயதானவர்களின் தோல் ஆகியவற்றுக்கு அது எளிதல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு மருந்துக் கடைகளில் சோப்பு சேராத கிளென்சிங் பார் என்றோ சிண்டெட் பார் என்றோ கேட்டு வாங்குவது உகந்தது. விலை கூடுதல்தான், ஆனால் குடும்பம் முழுவதற்கும் அது தேவையில்லை, வறட்சி உள்ளவருக்கு மட்டும் வாங்கினால் போதும். மற்றவர்களும் அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குத் தினமும் சோப்புப் போட்டு, கைகால்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலே சுத்தத்துக்கு எந்தக் குறையும் வராது.

வீட்டில் போர்த் தண்ணீர்தான் வருகிறது. அதனால் தோல் கெடுமா?

கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத படிவமாக மாறுகின்றன. குளியலறை வாளியின் உட்புறத்திலும் குழாயின் வாயிலும் வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும் கறையில் இதுவும் கலந்திருக்கிறது. அதே படிவம் தோலிலும் தங்கி அரிப்பையும் வறட்சியையும் கூட்டுகிறது. நுரை வரவில்லையே என்று சோப்பை மேலும் மேலும் தேய்ப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். சிண்டெட் வகைப் பொருட்கள் கடின நீரிலும் இப்படிப் படிவதில்லை. மாற்று வழி இல்லாவிட்டால், குளித்து முடிக்கும்போது இரண்டு குவளை நல்ல தண்ணீரை முகத்திலும் கைகால்களிலும் ஊற்றிக்கொள்ளலாம். கூடவே மாய்ஸ்சரைசரைத் தவறாமல் பூசினால் பெருமளவு ஈடுகட்டிவிடலாம்.

எனக்கு எண்ணெய் வழியும் முகம். எனக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டுமா?

வேண்டும், ஆனால் வகை வேறு. எண்ணெய்ப் பசையும் ஈரப்பதமும் ஒன்றல்ல. எண்ணெய் வழியும் முகத்திலும் நீர்ச்சத்து குறைந்து தோல் உரியலாம், அதிலும் பரு மருந்து பூசுபவர்களுக்கு இது மிகச் சாதாரணம்.

மாய்ஸ்சரைசரில் மூன்று வகைப் பொருட்கள் கலந்திருக்கும். கிளிசரின், ஹையலுரானிக் அமிலம், யூரியா போன்றவை நீரை ஈர்த்துப் பிடிப்பவை. செல்களுக்கு இடையிலுள்ள வெடிப்பை நிரப்பி வழவழப்பாக்கும் கொழுப்புப் பொருட்கள் இரண்டாம் வகை. வாசலின் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லி போன்று மேலே மூடி, நீர் ஆவியாகாமல் தடுப்பவை மூன்றாம் வகை. எண்ணெய் முகத்துக்கு முதல் வகை மிகுந்த ஜெல்லோ மெல்லிய லோஷனோ பொருந்தும். வறண்ட கைகால்களுக்கு மூன்றும் கலந்த கெட்டியான கிரீம் தேவை. பெட்ரோலியம் ஜெல்லி 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய பொருள். விலை மிகக் குறைவு, ஆனால் நீரிழப்பைத் தடுப்பதில் இன்றைக்கும் அதற்கு ஈடு சொல்வது கடினம். குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் சருமப் பராமரிப்பு நமக்கு எட்டாதது என்று ஒதுங்க வேண்டியதே இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கு இந்த ஒரு டப்பாவே போதும்.

பூசும் நேரம் பொருளைவிட முக்கியம். குளித்துத் துண்டால் ஒற்றிய பின், தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போது, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பூச வேண்டும். தேவையா இல்லையா என்ற ஐயம் இருந்தால் முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கோடு கிழித்துப் பாருங்கள். சாம்பல் பூத்தாற்போல் வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்றால் அந்த இடம் வறண்டிருக்கிறது.

தேங்காய் எண்ணெயே போதாதா?

உடலுக்குப் போதும், பலருக்கு நன்றாகவே போதும். வறண்ட கைகால்களில் குளித்த ஈரத்தோடு மெல்லியதாகத் தடவும் தேங்காய் எண்ணெய் நீரிழப்பைக் குறைக்கிறது. அதில் ஏறக்குறைய பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்துக்குச் சில கிருமிகளை அடக்கும் தன்மையும் உண்டு. பரு வரும் முகத்துக்கு மட்டும் அது ஆகாது, துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டும். வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தையும் விட வேண்டியதில்லை, ஆனால் எண்ணெயை எடுக்கிறோம் என்று சீயக்காயை முகத்தில் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது.

பயத்தம் மாவு, நலங்கு மாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சை ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா?

பயத்தம் மாவும் நலங்கு மாவும் நன்றாகச் சலித்து நைசாக இருந்தால், குழைத்துப் பூசி, தேய்க்காமல் கழுவிவிடும் வரைக்கும் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை. கரகரப்பாக இருந்தால் தோலைக் கீறும். கஸ்தூரி மஞ்சள் சிலருக்கு ஒவ்வாமை தரும், ஆகவே முன்கையின் உட்புறத்தில் சில நாட்கள் பூசிப் பார்த்து, சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மட்டும் முகத்துக்குப் போகலாம்.

எலுமிச்சை கூடவே கூடாது. அதன் சாறு தோலின் இயல்பான அமிலத்தன்மையைவிடப் பல நூறு மடங்கு கடுமையானது. அது போதாதென்று, அதில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கி, வாரக்கணக்கில் மறையாத கருந்தழும்பை விட்டுச்செல்கின்றன. சமையல் சோடாவும் அப்படித்தான், எதிர்த்திசையில், அதாவது காரத்தால், கெடுக்கும். இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணிச் சொந்த மகளின் முகத்தில் எலுமிச்சையைத் தேய்த்துவிடும் தாய்மார்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். அவர்களிடம் யாராவது பொறுமையாக இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு?

தோலுக்கு நிறம் தரும் மெலனின் நமக்கு ஓரளவு இயற்கையான காப்பு தருகிறது என்பது உண்மை. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். ஆனால் அதே மெலனின் செல்கள் சிறு தூண்டுதலுக்கும் அதிகமாக நிறமி சுரப்பவை. கன்னத்தில் படரும் மங்கு, பரு ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளி ஆகியவற்றை வெயில் மேலும் கறுக்கச் செய்கிறது. இவற்றுக்கு எந்த மருந்து பூசினாலும் வெயில் காப்பு இல்லாவிட்டால் அது வீணே.

சன்ஸ்கிரீன் உறையில் உள்ள எஸ்பிஎஃப் எண், வெயிலில் உள்ள புறஊதா-பி கதிரைத் தடுக்கும் அளவைக் குறிக்கிறது. எஸ்பிஎஃப் 30 ஏறத்தாழ 97 சதவிகிதத்தையும், எஸ்பிஎஃப் 50 ஏறத்தாழ 98 சதவிகிதத்தையும் தடுக்கும். ஆகவே இரண்டுக்கும் இடையில் விலை வித்தியாசம் அதிகமிருந்தால் 30-ஐயே வாங்கலாம். பிஏ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் வரும் கூட்டல் குறிகள் புறஊதா-ஏ கதிருக்கானவை, குறைந்தது மூன்று குறிகள் இருக்கட்டும். இந்த ஏ வகைக் கதிர் சன்னல் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால் பேருந்திலும் காரிலும் சன்னலோரம் நெடுநேரம் பயணிப்பவர்களுக்கும் காப்பு தேவை. மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல்நிறச் சாயல் கொண்ட வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுகிறது. முகம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் தொல்லையும் இதில் குறைவு.

உறையில் உள்ள எண்ணுக்குரிய காப்பு கிடைக்க வேண்டுமானால் போதிய அளவு பூச வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவே முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துப் போதுமானது. பட்டாணியளவு பூசினால் எழுதியிருக்கும் காப்பில் சிறு பங்குதான் கிடைக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வயலிலும் கட்டட வேலையிலும் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர்களுக்கு முழுக்கைச் சட்டையும், தலையிலிருந்து கழுத்துவரை மறைக்கும் துண்டும் எந்தக் குழாய் கிரீமையும்விடச் சிறந்த காப்பு.

கழுத்தும் அக்குளும் கறுத்திருக்கின்றன. எதைத் தேய்த்தால் போகும்?

தேய்க்கவே கூடாது. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட்டுத் துணி போலக் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் அழுக்கல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் வெளிப்பாடாக இருக்க வாய்ப்பு அதிகம். பருமனான பிள்ளைகளைக் கழுத்துக்கூடச் சரியாகத் தேய்த்துக் குளிப்பதில்லை என்று திட்டும் வீடுகளில், செய்ய வேண்டியது இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. எடை குறையும்போது அந்தக் கருமையும் மெல்லக் குறையும்.

முதுகிலும் மேல்கைகளிலும் அலையலையாகப் படியும் கருமைக்கு நைலான் நாரால் ஆண்டுக்கணக்கில் தேய்ப்பது காரணமாவது உண்டு. இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் விழும் கறுப்பு வளையமும் உராய்வின் விளைவே. நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி தைத்துக்கொள்வதும், கட்டும் இடத்தைச் சற்று மாற்றுவதும் உதவும்.

முகம் வெளுக்க நல்ல கிரீம் எது?

அப்படி ஒன்றைப் பரிந்துரைக்க முடியாது. தோலின் நிறம் நோயல்ல என்பதோடு, வேகமாக வெளுக்கவைக்கும் கிரீம்கள் பெரும்பாலும் இரண்டு ஆபத்தான பொருட்களில் ஒன்றைக் கொண்டவை.

முதலாவது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர்கள் குழாயின் பின்புறத்தில் இருந்தால் அது அழகுக் கிரீம் அல்ல, மருந்து. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்பாகத் தெரியத் தொடங்கி, வெயில் பட்டாலே எரிந்து, பருவும் மீசை போன்ற முடியும் வரும். பூசுவதை நிறுத்தினால் முகம் வீங்கிச் சிவக்கும் என்பதால் மீண்டும் அதையே பூசுவார்கள். இந்தத் துன்பம் நாடெங்கும் பரவியதால்தான் 2018-இல் மத்திய அரசு இத்தகைய பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டும் என்று விதியை இறுக்கியது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருபவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரின் துணையோடு வெளியேற வேண்டும்.

இரண்டாவது பாதரசம். அது தோல் வழியாக உள்ளே சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வெளுக்கவைக்கும் கிரீம்களைப் பயன்படுத்தி வந்த சிலருக்குச் சிறுநீரகத்தில் புரதம் கசியும் நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். உற்பத்தியாளர் முகவரியோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல் விற்கப்படும் கிரீமை யார் கொடுத்தாலும் முகத்தில் வைக்காதீர்கள்.

கோடையில் வியர்க்குரு வந்தால் என்ன பூசுவது?

பூசுவதைவிடக் குளிர்ச்சியே மருந்து. வியர்வைக் குழாய்கள் அடைபடுவதால் வருவது வியர்க்குரு. காற்றோட்டமும் தளர்ந்த பருத்தி உடையும் இருந்தால் சில நாட்களில் தானே அடங்கும். அரிப்புக்குக் கேலமைன் லோஷன் போதும். கெட்டியான கிரீமையும் எண்ணெயையும் அந்த நாட்களில் தவிருங்கள்.

தொடை இடுக்கில் வட்டமாகப் பரவி, ஓரம் சிவந்து அரிப்பது வியர்க்குரு அல்ல, படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று. கடையில் கேட்டு வாங்கும் கலவைக் கிரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பெருகும். ஈர உள்ளாடையை மாற்றுவது, துண்டைத் தனியாக வைத்துக்கொள்வது ஆகியவற்றோடு மருத்துவரிடம் போவதே சரி.

நெற்றியில் மட்டும் பரு வருகிறது. ஏன்?

தலையில் வைத்த எண்ணெய் வெயிலில் வழிந்து நெற்றிக்கு இறங்குவது முக்கியக் காரணங்களுள் ஒன்று. எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் அலசிவிடுங்கள், தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுங்கள். சாலிசிலிக் அமிலம் 2 சதவிகிதம் உள்ள ஃபேஸ் வாஷ் லேசான பருவுக்கு உதவும். கிள்ளினால் தழும்பு விழக்கூடும்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வெளுத்துவிட்டது. திரும்புமா?

சில பொட்டுகளின் பசையில் உள்ள ரசாயனம் நிறமிச் செல்களையே அழிக்கக்கூடியது. அரிப்பு தொடங்கியவுடனேயே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. அந்த இடத்தை மறைக்க இன்னும் பெரிய ஸ்டிக்கர் வைப்பதுதான் பலரும் செய்வது, அது பாதிப்பை விரிவாக்கும்.

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் பளபளக்குமா?

தாகத்துக்கு ஏற்பக் குடிப்பது உடலுக்கு அவசியம். ஆனால் அதற்கு மேல் குடிக்கும் தண்ணீர் வறண்ட தோலை ஈரமாக்கிவிடாது, மேலடுக்கு நீரை இழக்காமல் காப்பதே அதற்கு வழி.

பித்தவெடிப்புக்கு என்ன செய்வது?

இரவில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் பாதத்தை ஊறவைத்து, தடித்த ஓரங்களைப் பியூமிஸ் கல்லால் மெல்லத் தேய்த்து, யூரியா 10 முதல் 20 சதவிகிதம் உள்ள கிரீமைப் பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் வேறுபாடு தெரியும். பகலில் குதிகாலை மூடும் செருப்பு அணிய வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஊறவைப்பதும் கல்லால் தேய்ப்பதும் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் சுடுநீர் பட்டாலும் தெரியாது, சிறு கீறலும் புண்ணாக மாறும். அவர்கள் தினமும் பாதத்தைப் பார்த்து, கிரீம் பூசுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், விரலிடுக்கில் மட்டும் பூசக் கூடாது.

பச்சிளங்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தனிக் கவனம் தேவையா?

தேவை. பிறந்த குழந்தையின் மேல் இருக்கும் வெண்மையான பூச்சைத் துடைத்தெடுக்க அவசரப்பட வேண்டாம், முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பவுடரைக் கொட்டினால் அதன் துகள் குழந்தையின் மூச்சில் போகும், ஆகவே அது வேண்டாம். முதியவர்களுக்குத் தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைந்துவிடுவதால் சுடுநீர்க் குளியலுக்குப் பிறகு இரவெல்லாம் அரிக்கும். வெதுவெதுப்பான நீர், குறைந்த சோப்பு, குளித்தவுடன் கைகால்களுக்கு யாராவது ஒருவர் கிரீம் பூசிவிடுவது ஆகியவை பல வீடுகளில் அந்த அரிப்பை மருந்தில்லாமலே தணித்துவிடும். அப்படியும் தணியாத அரிப்புக்கு இரத்தப் பரிசோதனை அவசியம்.

எப்போது மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும்?

ஆறாத புண், அளவோ நிறமோ மாறும் மச்சம், காய்ச்சலோடு வரும் தடிப்பு ஆகியவற்றுக்குத் தாமதிக்கக் கூடாது. வெளிறிய படைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்பிலும் முதுகிலும் லேசாகச் செதில் உதிரும் வெளிறிய படைகள் பெரும்பாலும் தேமல், அதாவது சாதாரணப் பூஞ்சை. ஆனால் படையின் மேல் பஞ்சால் தொட்டாலோ குளிர்ந்த பாத்திரத்தை வைத்தாலோ உணர்ச்சி குறைவாக இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்களில் முழுமையாகக் குணமாகும், தொடக்கத்திலேயே வந்தால் கைகால்களில் ஊனமும் ஏற்படாது.